யார் வழி விருந்தாளி

தென்காசி ஸ்டேஷனுக்கு வெளியே பெட்டியோடு வந்து நின்றதும் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை என் காலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சீசனுக்கு வந்தியளா அக்கா? நேரே மெயின் அருவியா, ஐந்தருவியா? ஐந்தருவியில தண்ணி ஜோரா விழுது."

எனக்கு வந்ததே கோபம். பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் படித்தது, கல்யாணமாகிப் போனது எல்லாம் இந்த ஊரில். என்னைப் பார்த்து சீசனுக்கு வந்தியளா என்கிறார். "தம்பி, நீ பொறக்கதுக்கு முன்னாலயே நான் ஐந்தருவியில குளிச்சவ" என்றேன்.

"அப்ப வருஷா வருஷம் சீசனுக்கு வருவியளோ" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

நாக்பூரில் இத்தனை காலம் குடித்தனம் செய்ததில் என் பேச்சு கெட்டுப்போயிருக்க வேண்டும். வீட்டில் சண்டை போடும்போது மட்டும்தான் எனக்கு நல்ல தமிழ் வருகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆட்டோக்காரரிடம் இன்னும் நாலு வார்த்தை சண்டை போட்டுத் தமிழை நிரூபித்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், சீசனுக்கு வந்தவள் என்று எல்லோரும் நினைக்க வேண்டும் என்றுதான் நானே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. அவனுடைய ஒரே மகளின் கல்யாணத்தில் வந்த சண்டை. கூடப்பிறந்த தங்கச்சி, மணப்பெண்ணுக்கு ஒரே அத்தை. முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, நேரில் வந்து எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? கூரியரில் அனுப்பினான். மத்தியானம் நான் கையில் மாவோடு வந்து கதவைத் திறந்தால், கூரியர்க்காரர் கவரை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தான். அவசியம் வரணும் என்று கையால் ஒரு வரி எழுதியிருக்கலாம், அது இல்லை. கடையத்தில் இருக்கும் மதினியின் சித்தி பேத்தியைக்கூட நேரில் போய் அழைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அத்தை வராமல் கல்யாணம் நடந்ததே என்று அவனுக்குக் கோபம். அத்தையை அழைக்காமல் கல்யாணம் நடத்தினாயே என்று எனக்குக் கோபம். அதோடு போச்சு. தப்பு யார் மேல் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவன் மேல்தான் என்பேன்.

இந்த வருடம் அந்த மருமகள்தான் போன் செய்தாள். "அத்த, அப்பாவுக்கு நெஞ்சில ஸ்டென்ட் வச்சிருக்கு. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அன்று முழுக்க எனக்குக் கை வேலை ஓடவில்லை. உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்பைப் போட்டேன். இவன் பாட்டுக்கு ஒருநாள் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அழுது முடித்ததும் மறுபடி கோபம் வந்தது. நெஞ்சில் வைத்தியம் நடந்ததைக்கூடச் சொல்லாமல் இருக்கிறான் பாருங்கள்!

போவது என்று முடிவு செய்தேன். எப்படிப் போவது என்பதுதான் பிரச்சினை. பொங்கலுக்குப் போய் வாசலில் நின்றால் எதற்கு வந்தாள் என்று தெருவே கேட்கும். அதனால்தான் சீசன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேற்கே மலையில் மழை பிடித்து, செங்கோட்டைப் பக்கமிருந்து சாரல் அடித்து, பக்கத்துக் குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு அந்த வீடு சொந்தமில்லை. சித்தப்பா மகன், அவனுடைய சம்பந்தி, சம்பந்தி வீட்டு மாடியில் குடியிருப்பவர், அவரோடு ஆபீஸில் வேலை பார்ப்பவர் என்று தோளில் துண்டோடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்களிடம் குளிச்சாச்சா என்று கேட்கலாம். சாப்பிட்டாச்சா என்று கேட்கலாம். எந்த அருவியில் கூட்டம் குறைவு என்று கேட்கலாம். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த வீட்டுக்காரனின் மானம் ஊர் ஊராகப் போகும். சண்டைக்காரி ஒருத்தி வந்து நிற்பதற்கு இதைவிட வசதியான காலம் உண்டா?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணன் என்னைப் பார்த்து 'வா' என்று சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவனுக்கு அது வராது. அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் வாயிலிருந்து வாங்காமல் நாக்பூர் திரும்புவதில்லை என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

எங்கள் தெருவுக்கு வந்ததும் எனக்கு வழி சொல்லத் தேவையில்லை என்ற மிதப்பில், "அங்கன நிப்பாட்டுங்க" என்று கை காட்டினேன். இறங்கிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. ஓட்டு வீடுகளெல்லாம் மாடி வீடுகளாகியிருந்தன. அதுகூடப் பரவாயில்லை. தெருவில் எல்லா வீட்டு கேட்டும் ஒரே கிளிப்பச்சை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு கேட் நீலம். நீலத்தைத் தேடினேன், இல்லை. சரி, இந்த வேப்பமரத்துக்குப் பக்கத்து வீடுதான் என்று ஒரு பச்சைக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு ஆச்சி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் ஊரைவிட்டுப் போன பிறகு அந்த வீட்டை வாங்கி வந்தவர் போல, முன்பின் பார்த்ததில்லை. "வாங்க, வாங்க! உங்களைத்தான் நேத்தே எதிர்பார்த்தேன். மத்தவங்க எங்க? வண்டியில இருக்காவளா?"

ஊருக்குள் எனக்குக் கிடைத்த முதல் 'வாங்க'. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு அண்ணனின் இரும்புக் கடையைச் சொல்லி, அவன் வீடு எது என்று கேட்டேன். ஆச்சியின் முகம் வாடிவிட்டது. "அண்ணாச்சி வீடா? எதுத்தாப்புல, தள்ளி" என்று கை காட்டிவிட்டு, தெருமுனையை எட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபடி விளக்கம் சொன்னார். "பச்சை பெயிண்டை அண்ணாச்சி கடைக்கு நெறைய எடுத்துட்டாவ அக்கா. விக்கல. கெட்டுப்போவுதேன்னு தெருவுல எல்லாருக்கும் சும்மா குடுத்துட்டாவ. சும்மா கெடச்சா விடுவாவளா?" பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான்தான் அப்பமே கேட்டேன்லா, சீசனுக்கான்னு."

கதவைத் திறந்தது மதினி. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியோடு கட்டிக்கொண்டார். "ஏ தாயி! வா, வா, வா" என்று நாலைந்து வா. மதினியின் வாவுக்கு நான் குறை சொல்லவில்லை, ஆனால் நான் வந்தது அதற்கில்லை. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

ஹால் முழுக்க ஈரத் துண்டுகள், பைகள். இரண்டு சிறுமிகள் தரையில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாற்காலியில் என் அண்ணன். மெலிந்திருந்தான். முடி சுத்தமாக வெளுத்திருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு மின்விசிறியைப் பார்த்தான். "மோட்டாரைப் போட்டாச்சா?" என்று மின்விசிறியிடம் கேட்டான்.

அதே நேரம் எனக்குப் பின்னால் ஒரு அம்மாவும் அவருடைய வீட்டுக்காரரும் குளித்துவிட்டு வந்தார்கள். அண்ணன் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றான். "வாங்க, வாங்க! குளியல் எப்படி? உக்காருங்க. ஏ, இவங்களுக்கு சுக்குக் காப்பி கொண்டா." என் முன்னாலேயே! நான் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன்.

அன்றைக்குச் சமையல் கூட்டாஞ்சோறு. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மதினி குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "ஏ தாயி, இவங்க உங்க வாசுதேவநல்லூர் சித்தப்பா வழிதான? அந்தம்மா அப்படியே உங்க சித்தப்பா ஜாடை."

"நான் இவங்களைப் பாத்ததே இல்ல மதினி. உங்க கடையத்து ஆட்கள்னுல்லா நெனச்சேன்."

மதினியின் கை நின்றது. "எங்க ஆட்களை எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து அண்ணன் தண்ணீர் குடிக்க வந்தான். மதினி கேட்டார், "ஏங்க, இவங்க உங்களுக்கு என்ன முறை?"

"உன் ஆட்களை எங்கிட்ட கேக்க?" என்றான் அவன், செம்பைக் கவிழ்த்தபடி.

மூன்று பேரும் ஹாலைப் பார்த்தோம். அந்த அம்மா அங்கே எங்கள் அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டு, "கூட்டாஞ்சோறு வாசம் ஆளைத் தூக்குதுங்களே!" என்று சத்தமாகச் சொன்னார்.

விசாரித்ததில் நடந்தது இதுதான். முந்தின நாள் காலையில் கதவு தட்டப்பட்டிருக்கிறது. மதினி திறந்திருக்கிறார். அவர்கள், "சீசனுக்கு வந்தோம், சொல்லியிருப்பாங்க" என்றிருக்கிறார்கள். மதினி "வாங்க வாங்க" என்றிருக்கிறார். வந்துவிட்டார்கள்.

"யாரு சொல்லியிருப்பாங்கன்னு கேக்க வேண்டியதுதான மதினி?"

"எப்படித் தாயி கேக்க? உங்க அண்ணன் சொல்லியிருக்காவன்னு நெனச்சேன். ஒன்னுவிட்ட அக்காவா இருந்து, என்னைத் தெரியலயான்னு மூஞ்சியைத் தூக்கிட்டா?"

அண்ணன், மதினிதான் வரச் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருக்கிறான். முதல் வேளைச் சோறு போடும் முன் கேட்டிருந்தால் அது விசாரிப்பு. இலை போட்டு, நெய் விட்டு, பாய் விரித்துத் தூங்கவும் வைத்த பிறகு 'நீங்க யாரு' என்று கேட்டால் அது வெளியே போங்கள் என்று சொல்வது. தென்காசிக்காரனுக்கு அது உயிர் போனாலும் வராது.

"நீ கேளேன் தாயி" என்றார் மதினி. "நீதான் இங்கன இருக்கதில்ல. உனக்குத் தெரியலன்னா அது நியாயம்தான?"

அண்ணன் பிரிட்ஜைப் பார்த்து, "கேட்டா தேவலை" என்றான்.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அடடா, இவனுக்கு இப்போது என்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது! நான் கீரையைத் தட்டில் போட்டுவிட்டு மதினியிடம் சொன்னேன், "கேக்கலாம் மதினி. ஆனா பிரிட்ஜ் சொல்லி நான் எதுவும் செய்யுததில்ல. காரியம் ஆக வேண்டியவங்க என் மூஞ்சியைப் பாத்து வாயைத் திறந்து சொல்லட்டும்."

"அவ கெடக்கா, கிறுக்கி" என்று செம்பிடம் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் இன்னொரு கூத்து. அந்த அம்மா அண்ணனிடம் தனியாகப் போய், "அண்ணே, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. ரத்த சொந்தத்துகிட்ட ரொம்ப நாள் கோபம் வச்சிருக்கக் கூடாதுங்கண்ணே. நீங்களே முதல்ல பேசிருங்க" என்று புத்தி சொல்லியிருக்கிறார். நான்தான் பேசச் சொல்லித் தூது விட்டேன் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். ராத்திரிச் சாப்பாட்டில் என் இலைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. முன்பின் தெரியாத பொம்பளைக்கு எங்கள் வீட்டுச் சண்டை எப்படித் தெரிந்தது என்று நானும் முழித்தேன்.

மறுநாள் விடியும் முன்பே ஒரு வேனைப் பிடித்து எல்லோரையும் ஐந்தருவிக்கு அழைத்துப் போனான் அண்ணன். விருந்தாளி யாரென்று தெரியாவிட்டாலும் வேன் பிடிப்பதை நிறுத்த மாட்டான். டாக்டர் அவனுக்கு அருவிக் குளியல் கூடாது என்று சொல்லியிருந்தாராம், அதுவும் மருமகள் போனில் சொன்னதுதான். அவன் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பு, செல்போன், மூக்குக் கண்ணாடிகளுக்குக் காவல் இருந்தான். குரங்கு ஒன்று எதிரே உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் மெயின் அருவியில் பாறையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பவன், வெளியே வரச் சொல்லி அப்பா கம்பெடுத்தால்தான் வருவான். அவனை அந்த பெஞ்சில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேகமாக மேலே போய்விட்டேன்.

பெண்கள் பக்கம் வரிசை. போலீஸ் அம்மா விசில் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் தலையில் விழுந்ததும் 'ஐயோ அம்மா' என்று என்னையறியாமல் கத்தினேன். நாலு பேர் சேர்ந்து முதுகில் குத்துகிற மாதிரி தண்ணீர். காது அடைத்துவிட்டது. பக்கத்தில் அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருந்தே என்னோடு பேச ஆரம்பித்தார். அருவியில் பேசுவது என்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும்.

"உங்க அண்ணன் ரொம்ப நல்லவரு! ஆனா ஒரு குறை!"

"என்ன குறை?"

"பெத்த மகன் மேல அம்புட்டுக் கோபம் ஆகாது!"

"எந்த மகன்?"

"சவூதில இருக்காரே! என் மகனும் அவரும் ஒரே ரூமு! வீட்ல ஒரு போட்டோகூட இல்ல! அவரு பேச்சை யாரும் எடுக்கவே இல்ல! நானும் பதமா சொல்லிப் பாத்தேன்!"

"என் அண்ணனுக்கு மகனே கிடையாதே!"

அந்த நேரம் பார்த்து என் குரல் எப்படி அவ்வளவு எடுத்ததோ, வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ் அம்மா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்த அம்மா கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நாங்க யார் வீட்டுலம்மா சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்?"

இரண்டு பேரும் படியில் ஈரத்தோடு உட்கார்ந்தோம். சிவகாசிப் பக்கம் ஒரு ஊர் அவர்களுக்கு. சவூதியில் இருக்கும் மகன், கூடத் தங்கியிருக்கும் தென்காசி நண்பனிடம் சொல்ல, நண்பன், "எங்க அம்மா இருக்காவ, நான் சொல்லிருதேன், போய் இறங்குங்க, வேப்பமரத்துப் பக்கம் பச்சைக் கேட் வீடு" என்று வழி சொல்லியிருக்கிறான். தெரு முழுக்கப் பச்சையாகக் கிடந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் கண்ணில் பட்ட பச்சையைத் தட்டியிருக்கிறார்கள். தெருமுனையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போன அந்த எதிர்வீட்டு ஆச்சியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு. அந்த அம்மாவுக்கு அழுகை. "மானம் போச்சே, ரெண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடிச்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் யாருட்டயும் சொல்லாதீங்க" என்றேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இப்போது விஷயம் என் கையில். அண்ணன் வாயைத் திறக்காமல் எங்கே போவான்?

திரும்பும்போது வேனில் அண்ணன் முன் சீட்டில். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டான். எனக்கு என்னவோ தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்தே என் முகத்தில் எதுவும் மறையாது.

"தெரிஞ்சவங்க சொன்னா நல்லாருக்கும்" என்றான் மதினியிடம்.

"கேக்க வேண்டியவங்க கேட்டா சொல்லலாம்" என்றேன் நானும் மதினியிடம்.

"ரெண்டு பேரும் என்னைக் கொல்லுதிய" என்றார் மதினி. வேன் டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார்.

என் கணக்கு பலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் ஈரச் சேலையைப் பிழிந்து கொடியில் போடுவதற்குள் அந்த அம்மா வீட்டுக்காரரையும் பேத்திகளையும் கிளப்பி, பைகளோடு ஹாலில் வந்து நின்றுவிட்டார். அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, எங்களை மன்னிச்சிருங்க. நாங்க உங்களுக்கு யாருமே இல்ல. வீடு மாறி வந்துட்டோம்." அழுதுகொண்டே முழுக் கதையையும் சொன்னார். மதினி, "எல்லாம் உங்க பெயிண்டால வந்தது" என்று அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் எழுந்துபோய் அந்தப் பெரியவர் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தான்.

"யாராயிருந்தா என்னம்மா? சீசனுக்கு வந்திருக்கிய. இன்னும் பழைய குற்றாலம் பாக்கல, புலியருவி பாக்கல. எதுத்த வீட்டு ஆச்சிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இது உங்க வீடு மாதிரி. இருங்க, போகலாம்."

எனக்கு அப்போது என்ன வந்ததென்று தெரியவில்லை. கொடியில் போட வைத்திருந்த ஈரத் துண்டைத் தரையில் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

"யாருன்னே தெரியாதவங்களை எந்திச்சு நின்னு வாங்கன்னு சொல்லுத. இருங்கன்னு சொல்லுத. உங்க வீடுன்னு சொல்லுத. நான் ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்திருக்கேன். உனக்கு நெஞ்சுல என்னமோன்னு கேட்டுதான் வந்திருக்கேன். என்னைப் பாத்து ஒரு வா சொல்ல உனக்கு வாய் வரலயே அண்ணே! நான் உனக்கு அவ்வளவு ஆகாதவளா போயிட்டேனா?"

சொல்லி முடித்ததும் ஒரு சிறுமி போய் டிவியை நிறுத்தினாள். மருமகள் போனில் சொன்ன ரகசியத்தையும் போட்டு உடைத்துவிட்டோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் என்னைப் பார்த்தான். மின்விசிறியை இல்லை, பிரிட்ஜை இல்லை, என்னை.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? உன்னை எதுக்குட்டி நான் வான்னு சொல்லணும்? வெளியில இருந்து வாறவங்களைத்தான் வாங்கன்னு சொல்லுவாவ. வீட்டு ஆளை எவனாவது வான்னு சொல்லுவானா? உன் மதினி காய் வாங்கிட்டு வந்தா வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னா சொல்லுதேன்?"

"அப்ப கூரியர்?" என்றேன். விடுவேனா?

"கூரியரு! உன் மருமவ கல்யாணத்துக்கு நான் உன்னைத் தாம்பாளம் வச்சு அழைக்கணுமோ? அழைக்கது விருந்தாளியை. நீ பத்து நாளைக்கு முன்னாலயே வந்து எறங்கி, இது சரியில்ல அது சரியில்லன்னு என்னைப் போட்டு வாங்குவன்னு நெனச்சு, மாடி ரூமை ஒழிச்சு வச்சிருந்தேன். நீ என்னடான்னா அழைப்பு வரலன்னு அங்கன உக்காந்திருக்க." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான். "தாலி கட்டுத வரைக்கும் மண்டப வாசல்ல நின்னேன்ட்டி. ஐயர் ரெண்டு வாட்டி ஆள் அனுப்பினாரு. அத்தை வந்துகிட்டு இருக்கா, இருங்கன்னு சொன்னேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா தேம்பினார். மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"அழுது முடிச்சாச்சுன்னா போய் வந்தவங்களுக்குக் காப்பி போடு" என்றான் அண்ணன். "மோட்டாரையும் போடு. டேங்க் காலி."

"நான் போடுறேன் அண்ணே" என்று அந்த அம்மா முன்னால் வந்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. நீங்க விருந்தாளி."

அடுப்பங்கரைக்குப் போனேன். அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீரும் வைத்துவிட்டேன். சீனி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மதினி ஹாலில்தான் இருந்தார், ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக மூடியைத் திறந்து பார்த்தேன். உளுந்து, கடுகு, மிளகாய்ப் பொடி, மறுபடி உளுந்து.

"ஏட்டி, காப்பி என்னாச்சு?" என்று ஹாலிலிருந்து கத்தினான்.

"கத்தாத, வாறேன்" என்று திருப்பிக் கத்திவிட்டு, அடுத்த டப்பாவைத் திறந்தேன்.